விருந்து முடிந்த மறுநாள்: ஜெர்மனியை உலக நாளிதழ்கள் எடைபோட்ட விதம்

பெரிய விளையாட்டுத் திருவிழா ஒன்று முடிந்ததும் வெளிநாட்டு நாளிதழ்கள் இரண்டு கணக்குகளை முடிக்கின்றன. ஒன்று ஆட்டக் கணக்கு. மற்றொன்று, விருந்து வைத்த நாடு எப்படி நடந்துகொண்டது என்ற கணக்கு. கோல் கணக்கு மறந்துபோன பிறகும் இரண்டாவது கணக்கு நினைவில் நிற்கும். அது எப்படி எழுதப்படுகிறது என்பதை 2006இல் ஜெர்மனி நடத்திய கால்பந்து உலகக் கோப்பையில் தெளிவாகப் பார்க்கலாம்.

2006 ஜூலை 9 இரவு பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் பெனால்டி ஷூட்-அவுட்டில் 5–3 என்று பிரான்ஸை வென்று இத்தாலி கோப்பையைப் பெற்றது. மறுநாள் பேச்செல்லாம் இத்தாலிய வீரர் மாட்டெராட்சியின் மார்பில் தலையால் முட்டி வெளியேற்றப்பட்ட பிரான்ஸ் வீரர் ஜிடானைப் பற்றித்தான். பிரான்ஸின் விளையாட்டு நாளிதழ் லெக்கிப், தலையங்கத்திலேயே அவரைக் கேள்வி கேட்டது. விருந்து வைத்தவர்களைப் பற்றிய தீர்ப்பு தலையங்கங்களிலும் பத்திகளிலும், ஊர் திரும்பும் முன் நிருபர்கள் எழுதும் கடைசிக் கட்டுரைகளிலும் வந்தது.

அப்படி எழுதுகிறவர்களில் இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் ஆட்டத்துக்காக வந்த விளையாட்டு நிருபர். ஒரு மாத காலம் ரயில், விடுதி, அரங்கம் என்று ஓடியவர். அவர் கண்ட நாடு அவ்வளவுதான். மற்றவர் தலைநகரிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் வெளிநாட்டுச் செய்தியாளர். மொழியும் அரசியலும் அறிந்தவர் என்பதால் அவர் எழுத்தில் நிதானம் கூடும். ஆனால் போட்டி நடக்கும் நாட்களில் எண்ணிக்கையில் மிகுந்திருப்பவர்கள் முதல் வகையினர்தான்; தீர்ப்பின் தொனியை அவர்களே முடிவு செய்கிறார்கள்.

அந்தத் தொனிக்கு அடிப்படை, வரும்போது மனத்தில் கொண்டுவந்த எதிர்பார்ப்பு. ஜெர்மனியைப் பற்றி அது இருண்டதாகவே இருந்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டதை யாரும் மறக்கவில்லை. 1996 யூரோ கோப்பை அரையிறுதிக்கு முன் லண்டனின் டெய்லி மிரர், இங்கிலாந்து வீரர்கள் இருவர் படத்துக்குப் போர்க்கால இரும்புத் தொப்பி மாட்டி, சரணடையுமாறு ஜெர்மனிக்கு முதல் பக்கத்தில் கட்டளையிட்டது. பிறகு மன்னிப்புக் கேட்டது. உலகக் கோப்பை தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, ஜெர்மன் அரசின் முன்னாள் செய்தித் தொடர்பாளர் ஊவே-கார்ஸ்டன் ஹைய, கறுப்பு நிறத்தவர் பிராண்டன்பர்க் மாநிலத்தின் சில ஊர்களுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். நவநாஜிகள், இங்கிலாந்து ரசிகர்களின் அடிதடி, சிரிக்கத் தெரியாத மக்கள்: இவற்றையெல்லாம் எதிர்பார்த்துத்தான் பலர் விமானம் ஏறினார்கள்.

அவர்கள் கண்டது வேறு. பெர்லினில் பிராண்டன்பர்க் வாயிலிலிருந்து வெற்றித் தூண் வரை நேராக ஓடும் சாலையை அடைத்து, ராட்சதத் திரைகள் வைத்து, நுழைவுச்சீட்டு இல்லாதவர்களுக்கும் ஆட்டத்தைக் காட்டினார்கள். லட்சக்கணக்கானோர் கூடிய அந்தச் சாலைக்கு வழங்கிய ‘ரசிகர் மைல்’ என்ற பொருள் தரும் சொல்லே அந்த ஆண்டின் ஜெர்மன் சொல்லாகத் தேர்வு பெற்றது. கார் ஜன்னல்களில் கறுப்பு, சிவப்பு, பொன் நிறக் கொடிகள் படபடத்தன. 1945க்குப் பிறகு தேசியக் கொடியை வெளியே எடுக்கவே கூச்சப்பட்ட நாடு அது. அந்தக் கொடிகளுக்கு நடுவே கானா கொடியும் பிரேசில் கொடியும் ஆடியதை வெளிநாட்டு நிருபர்கள் கவனித்தார்கள். எழுதியவர்களின் வியப்பு பொய்யில்லை. பயந்து வந்தவர்களுக்கு நிம்மதி பெரிதாகத்தான் தெரியும். வெயிலும் ஒத்துழைத்தது: அதுவரை பதிவானவற்றில் ஜெர்மனியின் மிக வெப்பமான ஜூலை அது.

ஜூலை 4 அன்று டார்ட்மண்டில் இத்தாலியிடம் கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் ஜெர்மனி 0–2 என்று தோற்றது. மூன்றாம் இடத்தோடு திரும்பிய, பயிற்சியாளர் யூர்கன் கிளின்ஸ்மன்னின் அணியை பெர்லினில் மக்கள் திரண்டு கொண்டாடினார்கள். விருந்து வைத்தவன் தோற்றும் முகம் சுளிக்காமல் இருப்பதைவிட விருந்தாளியைக் கவரக்கூடியது வேறில்லை. கோப்பையை வென்றிருந்தால் அதே கொடிகள் சில வெளிநாட்டுப் பத்திகளில் வேறு விதமாகப் படிக்கப்பட்டிருக்கும் என்று எண்ண இடமுண்டு.

நிருபரின் சொந்தச் சிரமமும் தீர்ப்பில் கலக்கிறது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் செய்தியாளர் பேருந்துகள் வழி தவறின. செய்தி முகமைகளுக்கு முடிவுகளை அனுப்ப வேண்டிய கணினி அமைப்பு தடுமாறியது. ஒரு பந்தயத்தின் முடிவு கைக்கு வராமல், கெடு நேரம் நெருங்க, மேசைமுன் காத்திருந்தவர் அந்த நகரத்தைப் பற்றி இனிமையாக எழுதுவது கடினம். அட்லாண்டாவுக்குக் கிடைத்த கெட்ட பெயரில் அப்போது அங்கே ஒரு பூங்காவில் நடந்த குண்டுவெடிப்போடு இதற்கும் பங்கு உண்டு. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தீர்ப்பு போட்டிக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ஜவாஹர்லால் நேரு அரங்கம் அருகே நடைமேம்பாலம் இடிந்ததும், வீரர்கள் குடியிருப்பின் அழுக்கான அறைகளின் படங்களும் உலகெங்கும் போயின. பிறகு இந்தியா 101 பதக்கங்கள் வென்று இரண்டாம் இடம் பிடித்தும் அந்தப் படங்கள் அழியவில்லை.

தீர்ப்பை ஆவலோடு படிப்பவர்கள் அந்த நாட்டு மக்களே. ஜெர்மன் நாளிதழ்களில் வெளிநாட்டு ஏடுகளின் கருத்துகளைச் சில வரிகளாகத் தொகுத்துத் தரும் பகுதி நெடுநாள் வழக்கம். செய்தி முகமைகள் மொழிபெயர்த்து அனுப்பும் வாக்கியங்கள் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நீளமான கட்டுரையின் தயக்கமும் நிபந்தனையும் அந்த வெட்டில் உதிர்ந்துபோகும். பாராட்டு மட்டும் மிஞ்சும்.

இறுதி ஆட்டம் நடந்த அதே பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் எழுதப்பட்ட இன்னொரு தீர்ப்பையும் இங்கே பார்த்தாக வேண்டும். அந்த அரங்கம் 1936 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்டது. ஹிட்லர் அரசு யூத வெறுப்புப் பலகைகளைச் சில வாரங்களுக்குக் கழற்றி வைத்தது. ரோமா மக்களைப் பிடித்து பெர்லினின் ஓரமான மார்ட்சானில் அடைத்தது. நகருக்கு வடக்கே சாக்சென்ஹவுசன் வதை முகாம் அந்தக் கோடையில்தான் எழும்பிக்கொண்டிருந்தது. போட்டி முடிந்ததும் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஃபிரெடரிக் பிர்சால், ஜெர்மானியர் மறுபடி நாடுகளின் வரிசையில் சேர்ந்துவிட்டனர் என்ற பொருளில் எழுதினார். வில்லியம் ஷைரர் போன்ற சிலரே திரைக்குப் பின்னால் இருந்ததைக் கண்டார்கள். அவர்கள் ஜெர்மனியிலேயே தங்கியிருந்த செய்தியாளர்கள்.

2006இன் மக்கள் உற்சாகத்தை எந்த அரசும் ஆணையிட்டு உருவாக்கவில்லை. அதனால் தெருவைப் பற்றிய தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் திருவிழா ஜெர்மனிக்கு வந்த வழியைப் பற்றி அந்த ஜூலையில் எழுதப்பட்ட புகழுரைகள் அதிகம் கேட்கவில்லை. 2000இல் 12–11 என்ற வாக்குக் கணக்கில் தென்னாப்பிரிக்காவை முந்தி ஜெர்மனி அந்த வாய்ப்பைப் பெற்றிருந்தது. 2015 அக்டோபரில் ஹாம்பர்க்கிலிருந்து வரும் டெர் ஷ்பீகல் வார இதழ், 67 லட்சம் யூரோ மர்மமாகக் கைமாறியதையும் வாக்குகள் வாங்கப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகத்தையும் வெளியிட்டது. ஜெர்மன் கால்பந்து சங்கத் தலைவர் வுல்ஃப்காங் நீயர்ஸ்பாக் அடுத்த மாதமே பதவி விலகினார். சங்கம் நியமித்த வழக்கறிஞர்கள் 2016 மார்ச்சில், வாக்கு வாங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் அப்படி நடக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது என்று அறிக்கை தந்தார்கள்.