ஒரே தலைப்பு, எட்டு உரைகள்: அமெரிக்கப் பள்ளிகளில் ‘பாலிசி டிபேட்’ எப்படி நடக்கிறது?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் ‘பாலிசி டிபேட்’ போட்டியை முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஒன்றும் பிடிபடாது. மேடை இல்லை, மைக் இல்லை, பெரும்பாலான சுற்றுகளில் பார்வையாளர்களும் இல்லை. ஒரு வகுப்பறை, அணிக்கு இருவராக நான்கு மாணவர்கள், ஒரு நடுவர், மேசை மேல் லேப்டாப்கள், ஒரு டைமர். அவ்வளவுதான். ஆனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓர் அரசுக் கொள்கையை அக்குவேறு ஆணிவேறாக அலசிவிடுகிறார்கள். இந்தப் போட்டியின் விதிகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து முடிகின்றன: எதிரணி சொன்னதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஆண்டு முழுக்க ஒரே தலைப்பு

தலைப்பு வாக்கெடுப்பு மூலம் தேர்வாகிறது. கல்வியாண்டு முழுவதும், நாடு முழுவதும் அதே தலைப்புதான். 2021-22இல் அமெரிக்க நீர்வளங்களுக்கான பாதுகாப்பை அரசு கணிசமாக அதிகரிக்க வேண்டும் என்பது தலைப்பு. 2022-23இல் நேட்டோவுடனான பாதுகாப்பு ஒத்துழைப்பு, 2023-24இல் பொருளாதார ஏற்றத்தாழ்வு.

எந்த அணியும் ஒரே பக்கம் பேசிவிட்டுப் போக முடியாது. ஒரு சுற்றில் தலைப்பை ஆதரித்தவர்கள் அடுத்த சுற்றில் எதிர்க்க வேண்டியிருக்கும். அதனால் தங்கள் வாதத்தின் ஓட்டைகளைத் தாங்களே முதலில் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும்.

யார், எப்போது, எவ்வளவு நேரம்?

ஒரு சுற்றில் எட்டு உரைகள். முதல் நான்கும் வாதத்தை அடுக்கும் உரைகள். தலா 8 நிமிடம். ஒவ்வொன்றும் முடிந்ததும் எதிரணி 3 நிமிடம் குறுக்கு விசாரணை செய்யும். அடுத்த நான்கும் மறுப்புரைகள். தலா 5 நிமிடம். இங்கே புதிய வாதம் எதையும் கிளப்பக் கூடாது. எல்லாம் சேர்த்து 64 நிமிடம். இடையில் தயாராக ஒவ்வொரு அணிக்கும் தனி நேரம் உண்டு. அதற்கு 8 நிமிடம் என்பது பரவலான அளவு. நான்கு பேரும் ஆளுக்கு ஓர் உரையும் ஒரு மறுப்புரையும் பேசியாக வேண்டும்.

தொடங்குவதும் முடிப்பதும் ஆதரவு அணி. மாற்றம் வேண்டும் என்பவர்கள்தானே அதை நிரூபிக்க வேண்டும்? இதற்கு ஈடாக நடுவில் எதிர்ப்பு அணிக்கு நான்காவது, ஐந்தாவது உரைகள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். 13 நிமிடம் அவர்கள் பேசியதற்கெல்லாம் ஆதரவு அணி தன் ஆறாவது உரையில், 5 நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆட்டத்திலேயே கடினமான 5 நிமிடம் இதுதான்.

ஈயக் குழாயும் நான்கு கேள்விகளும்

நீர்வளத் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். பழைய ஈயக் குடிநீர்க் குழாய்களை அரசு தன் செலவில் மாற்ற வேண்டும் என்று ஆதரவு அணி ஒரு திட்டத்தை முன்வைக்கிறது. அதற்கு அவர்கள் காட்டும் உதாரணம்: 2014இல் மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரம் தண்ணீர் எடுக்கும் இடத்தை மாற்றியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் பொருளைத் தண்ணீரில் சேர்க்கவில்லை. ஈயம் வீட்டுக் குழாய்வரை வந்தது. பாதிப்பு உண்டு, இப்போதைய ஏற்பாடு அதைத் தீர்க்காது, எங்கள் திட்டம் தீர்க்கும். இந்த மூன்றையும் ஆதரவு அணி சான்றுகளோடு நிறுவ வேண்டும்.

எதிர்ப்பு அணி பல முனைகளில் தாக்கும். ஒன்று: குழாய் எப்படி நீர்வளம் ஆகும்? திட்டம் தலைப்புக்குள்ளேயே வரவில்லை. இரண்டு: இவ்வளவு செலவு செய்தால் வேறு தீங்கு விளையும். மூன்று: இதை மாநில அரசுகளே செய்யட்டும், அதுதான் மேலான வழி. நான்கு: இப்போதைய அரசே இதைச் செய்கிறதே, உங்கள் திட்டம் எதற்கு?

அந்தப் பருவத்தின் நடுவே இந்த நான்காவது கேள்விக்குத் திடீரென்று வலு கூடியது. 2021 நவம்பரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட உள்கட்டமைப்புச் சட்டம் ஈயக் குழாய்களை மாற்ற 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. ஆதரவு அணிக்கும் பதில் இருந்தது: பைடன் முதலில் முன்மொழிந்தது 4,500 கோடி டாலர், வந்தது மூன்றில் ஒரு பங்குதான். முந்தைய மாதம் வென்ற வாதத்தை அப்படியே திரும்பப் படித்து வெல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

நால்வரும் நடுவரும் ஆட்டம் முழுக்கக் குறிப்பெடுப்பார்கள். இதை ‘ஃப்ளோ’ என்பார்கள். உரைக்கு ஒரு பத்தி என்று தாளைப் பிரித்து, ஒவ்வொரு வாதத்துக்கும் நேர் எதிரே அதன் பதிலை எழுதுவார்கள். பதில் இல்லாத இடம் வெற்றிடமாகவே நிற்கும். பதில் பெறாத வாதம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே கொள்ளப்படும். நடுவரின் சொந்தக் கருத்து என்ன என்பது கேள்வியே அல்ல. அறைக்குள் எது நிலைநாட்டப்பட்டது என்பதுதான் கேள்வி. பேச்சுத் திறனுக்கு ஒவ்வொருவருக்கும் 30க்குத் தனி மதிப்பெண் உண்டு. அதில் முந்திய அணி ஆட்டத்தில் தோற்பதும் நடக்கும்.

வேகம் என்ற சிக்கல்

கூடுதல் வாதம் வைத்தால் எதிரணி ஏதாவது ஒன்றை விட்டுவிடும் என்ற கணக்கில் மாணவர்கள் பேச்சின் வேகத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். தேசிய அளவில் ஆடும் பலர் நிமிடத்துக்கு 300 சொற்களுக்கு மேல் பேசுகிறார்கள். பழகாத காதுக்கு ஒன்றும் புரியாது. சாதாரண மக்களுக்கும் புரிகிற விவாதம் வேண்டும் என்று 2002இல் ‘பப்ளிக் ஃபோரம்’ என்ற எளிய வடிவம் வந்தது. அதற்கு உந்துதல் தந்தவர் சி.என்.என். நிறுவனர் டெட் டர்னர்.

இன்னொரு குறை பணம். பயிற்றுநர், கோடைக்காலப் பயிற்சி முகாம், ஊர் ஊராகப் பயணம் என்று எல்லாவற்றுக்கும் செலவு. வசதியான பள்ளிகள் முன்னே நிற்பதில் வியப்பில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க 1985இல் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தின் துணையோடு நகரப் பொதுப்பள்ளிகளுக்கான விவாத லீக் தொடங்கியது. பிறகு மற்ற பெருநகரங்களிலும் இத்தகைய லீக்குகள் உருவாயின.

வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், செலவைக் குறைக்கலாம், நேரத்தைக் கூட்டலாம். ஆனால் இரண்டு பக்கமும் பேசியாக வேண்டும், எதிராளியின் வாதத்தை விட்டுவிட்டால் அதை ஏற்றதாகிவிடும் என்ற இரண்டு விதிகளில் கை வைக்கக் கூடாது. பதினாறு வயது மாணவரை எதிர்த்தரப்பு சொல்வதைக் கடைசிச் சொல்வரை காதுகொடுத்துக் கேட்க வைப்பவை அந்த இரண்டும்தான். விவாதப் போட்டி தொடங்க நினைக்கும் எந்தப் பள்ளியும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியவையும் அவையே.