ஒரு பிடி அரிசி

உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரே ஒரு பிடியை எடுத்துத் தனியே வைத்துவிட்டால், வீட்டில் யாருக்காவது வயிறு குறையுமா?

இந்தக் கேள்வியை என் வீட்டில் கேட்டேன். "வயிறு குறையாது. ஆனால் வேளை தவறாமல் அந்த ஒரு பிடியை எடுத்து வைக்க ஞாபகம் இருக்க வேண்டுமே, அதுதான் சிரமம்!" என்று பதில் வந்தது. காப்பி கேட்பதற்கு மட்டுமே சமையலறைப் பக்கம் போய் வருகிற எனக்கு இந்த நுட்பம் தோன்றவில்லை.

கேள்வி பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் இருக்கும் சிநேகிதர் ஒருவர், "ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோவிலில் அசனம். குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்" என்று அழைத்திருந்தார். அவர் கோவில் என்றது மாதா கோவிலை. அசனம் என்பது இன்னதென்று தெரியாமலே நாங்கள் சென்ட்ரலில் ரயில் ஏறினோம். வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம் தாண்டி அம்பத்தூரில் இறங்கியபோது மணி பத்து. கோவிலைத் தேட வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. வெங்காயம் வதங்கும் வாசனை வழிகாட்டியது.

சென்னைக்கு மேற்கே ஆவடி, அம்பத்தூர் வட்டாரத்தில் திருநெல்வேலிச் சீமைத் தமிழ் காதில் விழுவதற்குக் காரணம் உண்டு. 1949-ல் அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை வந்தது. 1961-ல் ஆவடியில் ராணுவ டாங்கி செய்யும் தொழிற்சாலை ஏற்பட்டது. பிறகு தொழிற்பேட்டை வந்தது. வேலை தேடித் தெற்கேயிருந்து வந்தவர்கள் டிரங்குப் பெட்டியோடு தங்கள் ஊர் வழக்கங்களையும் கொண்டு வந்தார்கள். அவற்றில் ஒன்று அசனம். சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் விருந்து. மற்றொன்று பிடி அரிசி.

பிடி அரிசியைப் பற்றி எனக்குச் சொன்னவர் அந்தச் சபையின் பெண்கள் ஐக்கியச் சங்கத்துக் காரியதரிசி அம்மாள். தம் பெயரைப் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வீடு ஒரு டப்பா. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் அதில் ஒரு பிடி அரிசி. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை டப்பாக்கள் கோவிலுக்கு வந்து சேரும். அவ்வளவுதான் திட்டம்.

வீட்டுக்குத் திரும்பியதும் என் மனைவியின் கைப்பிடியைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து கிராம் இருந்தது. வேளைக்கு 45 கிராம் என்றால், நாளைக்கு இரண்டு வேளையாக மாதத்துக்கு 2 கிலோ 700 கிராம். அறுபது வீடுகள் சேர்ந்தால் 162 கிலோ! கடையில் போய் ஒருவர் 162 கிலோ அரிசி வாங்கித் தானம் செய்தால் ஊரெல்லாம் பேசும். இதுவோ எந்த வீட்டிலும் சோற்றுப் பானைக்குத் தெரியாமலே சேர்ந்துவிடுகிறது.

"சேருவது சுலபம் சார், சமைப்பதுதான் கஷ்டம்" என்றார் காரியதரிசி அம்மாள். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் இட்லி அரிசி, ஒரு வீட்டில் பச்சரிசி, ஒரு வீட்டில் ரேஷன் அரிசி. எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கொட்டி உலையேற்றினால் ஒன்று குழையும், ஒன்று வேகாமல் நிற்கும். முதல் வருஷம் அப்படி ஒரு சோறு ஆக்கி, அதைச் சாப்பிட்டவர்கள் இன்றுவரை மறக்கவில்லையாம். இப்போது கோவில் வராந்தாவில் நாலு டிரம் வைத்திருக்கிறார்கள். பச்சரிசி மட்டும் மாவாகி, புட்டுக்குப் போகிறது. மற்றவை ஆதரவில்லாத கைம்பெண்களின் வீடுகளுக்கும், முதியோர் இல்லம் ஒன்றுக்கும் போகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பக்கத்துக் கடைகள் மூடிக் கிடந்தபோது, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர்களுக்கெல்லாம் இந்த அரிசிதான் கஞ்சியாயிற்றாம்.

இந்த வழக்கம் ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமானதல்ல. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டத்தை வற்புறுத்தியது நம் வாசகிகளில் பலருக்கு ஞாபகம் இருக்கும். விருந்தாளிக்குச் சோறு போட, விதைத்த நெல்லையே வாரிக் கொண்டு வந்த இளையான்குடி மாற நாயனாரின் கதை நமக்குப் புதிதல்ல. ஆனால் கிறிஸ்தவ சபைகளில் பெண்கள் இதைச் சங்கம் வைத்து, கணக்கெழுதி நடத்தியது தனி அழகு. இந்தியாவின் வடகிழக்கு மூலையில் மிஸோ மலைப் பெண்கள் 1910-ல் இதைத் தொடங்கினார்கள். கையில் காசு பார்க்காத மலைநாட்டுக் குடும்பங்கள் அவை. இன்று அந்தப் பிடி அரிசி வருஷத்துக்குப் பல கோடி ரூபாயாகிறது!

திருநெல்வேலிச் சரித்திரமும் சுவையானது. 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி அங்கே வேதநாயகம் சாமுவேல் அஸரியாவும் அவருடைய நண்பர்களும் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம். நம்முடைய ஆட்கள், நம்முடைய பணம், நம்முடைய நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. சுதேசி இயக்கம் சூடு பிடிப்பதற்கு இரண்டு வருஷங்கள் முன்னால் என்பதைக் கவனியுங்கள்! கொள்கை சரி, பணத்துக்கு எங்கே போவது? பனங்காட்டுக் கிராமங்களில் ரொக்கம் அபூர்வம். அடுப்படியில் இருந்ததைத்தான் கொடுக்க முடியும். அடுப்படியோ பெண்கள் ராஜ்யம். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அந்த அஸரியாதான் 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார்.

நிற்க. எல்லாம் உத்ஸாகமாகவே நடக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். சில வருஷங்களுக்கு முன் சபையில் சிலர், 'வீட்டுக்கு இரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது' என்று விதி போட்டார்களாம். அரிசி ஒழுங்காக வந்தது. ஆனால் கோவில் வாசலில் பெண்கள் நின்று பேசிச் சிரிப்பது நின்றுவிட்டது. டப்பா நிறையாதவர்கள் பின்வாசல் வழியாகப் போகத் தொடங்கினார்கள். விசனத்தோடும் கட்டாயத்தினாலும் கொடுக்க வேண்டாம் என்று பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதியிருப்பதை ஐயரம்மா கூட்டத்தில் எடுத்துக் காட்டினார். விதி ரத்தாயிற்று. அரிசி கொஞ்சம் குறைந்தது. பேச்சும் சிரிப்பும் திரும்பி வந்துவிட்டன.

(ஐயரம்மா என்றதும் திகைக்க வேண்டாம். திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் குருவை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பது வழக்கம். "ஐயர் வந்து ஜெபம் பண்ணினால்தான் ஆட்டுக்கறி அண்டாவைத் திறப்போம்" என்று ஒரு பையன் சொன்னபோது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை வர்ணிக்க முடியாது.)

இப்போது புதிதாக ஒரு பிரச்னை. வேலைக்குப் போகும் இளம்பெண்கள் கைப்பேசியிலேயே பணம் அனுப்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஷிப்டு முடிந்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறவளிடம் டப்பாவைப் பற்றி விசாரிப்பது நியாயமா? காரியதரிசி அம்மாளுக்கும் கோபம் இல்லை. "காசு வருது சார். ஆனா கை வரலை" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார்.

மாதம் ஐந்து கிலோ அரிசி பெறுகிறவர்களில் ஒரு பாட்டி. ஒண்டியாள், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஓர் ஒற்றை அறை. அந்தப் பாட்டியும் மாதக் கடைசியில் பழைய பால்பவுடர் டப்பா நிறைய அரிசி கொண்டு வருவாள். 'நாம் கொடுத்ததையே திருப்பிக் கொண்டு வருகிறாளே, பேசாமல் ஒரு கிலோ குறைத்துக் கொடுத்தால் என்ன?' என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். கணக்கு என்னவோ சரிதான். காரியதரிசி அம்மாளும் இதமாகவே, "நீங்க கொண்டு வர வேண்டாம் பாட்டி, உங்களுக்கே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த இரண்டு ஞாயிறும் பாட்டி கோவிலுக்கு வரவில்லை. அரிசியும் வாங்கிக்கொள்ளவில்லை. ஐயரம்மா வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். டப்பா நிறைந்து அலமாரியில் இருந்தது.

"எங்கிட்ட வாங்க மாட்டீகன்னா நானும் உங்ககிட்ட வாங்க மாட்டேன், ஐயரம்மா" என்றாளாம் பாட்டி. "நான் பிச்சைக்காரியா? நானும் சபையில ஒருத்திதானே?"

அன்று டப்பாவை ஐயரம்மாவே கையில் வாங்கிக்கொண்டு வந்தார். காரியதரிசி அம்மாள் இதைச் சொல்லும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் நறுக்குகிற இடத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

பன்னிரண்டரை மணிக்கு ஐயர் ஜெபம் செய்தார். பந்தி ஆரம்பமாயிற்று. ஓலைப்பாயில் மலைபோல் சோறு. பனையோலைக் கடவப் பெட்டிகளில் அதை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு வாளி வாளியாக வந்தது. என்னைப் போன்றவர்களுக்குச் சாம்பார். ஆவடியில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றினார். அவர் தண்ணீர் ஊற்றிய வரிசையில் கோவிலைப் பெருக்குகிறவரும், வட்டிக்கடைக்காரரும், பக்கத்துத் தெரு முஸ்லிம் குடும்பம் ஒன்றும் இருந்தார்கள்.

இது சாமான்ய விஷயமல்ல. 1833-ல் பிஷப் டேனியல் வில்ஸன் சபைக்குள் ஜாதி வித்தியாசம் கூடாதென்று எழுதியபோது, நம் வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் கோவிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார்கள். 1847-ல் மதுரை அமெரிக்கன் மிஷன், தன் ஊழியர்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும் என்று கண்டிப்புச் செய்தது. பலர் வேலை போனாலும் போகட்டும் என்று விலகினார்கள். ஒரு வாய்ச் சோறு அவ்வளவு கனமாக இருந்திருக்கிறது! தமிழ்நாட்டில் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட இன்னும் ஜாதிச் சுவர் நிற்கிறது. ஆகையால் இந்த ஒரு பந்தியைக் கண்டு எல்லா நோயும் தீர்ந்துவிட்டதாக நான் முடிவு கட்டிவிடவில்லை. ஆயினும் அன்று அந்த வரிசையில் யார் பக்கத்தில் யார் என்று யாரும் பார்க்கவில்லை. பசி அப்படி.

இரண்டாவது பந்தியில் ஆள் போதவில்லை. சிநேகிதர் என் கையில் ரசவாளியைத் திணித்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பரிமாறினேன். ஒருவர் மடியில் கொஞ்சம், என் கால்மேல் கொஞ்சம், இலையில் மீதி. என் மனைவி அப்பளக் கூடையோடு எதிர்வரிசையில் நின்றுகொண்டு, சிரித்துச் சிரித்து அப்பளங்களை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

எனக்கு முன்னால் ஒரு கிழவி, சிறிய கிண்ணத்திலிருந்து இலைதோறும் ஒரு சிட்டிகை உப்பு வைத்துக்கொண்டே போனாள். வாளி தூக்கத் தெம்பில்லாததால் அவளுக்கு அந்த வேலை. யார் என்று நான் விசாரிக்கவில்லை. காரியதரிசி அம்மாள் கண்ணாலேயே காட்டிவிட்டார்.

வரிசை முடிவில் பாட்டி திரும்பி என்னைப் பார்த்தாள்.

"மெதுவா வாங்கய்யா. பந்தி எங்கேயும் ஓடிப் போயிராது" என்றாள்.