பாடத்துக்குப் பின்னால் ஒரு பந்தாட்டம்

பள்ளி மடிக்கணினியில் கணிதப் பயிற்சி திறந்திருக்கும். அதற்குப் பின்னால் இன்னொரு பக்கத்தில், 1980களின் வீடியோ கேம் போலக் கட்டம் கட்டமாகத் தெரியும் குட்டி மனிதர்கள் பந்தை எறிந்துகொண்டிருப்பார்கள். ஆசிரியர் அருகில் வந்தால் ஒரே விசையில் அது மறைந்துவிடும்.

'ரெட்ரோ பவுல்' இந்த வகையில் பெயர்பெற்றது. பிரிட்டனின் நியூ ஸ்டார் கேம்ஸ் நிறுவனம் 2020ல் வெளியிட்ட அமெரிக்கக் காற்பந்து விளையாட்டு இது. பழைய 'டெக்மோ பவுல்' பாணியில் அமைந்தது. நம் பிள்ளைகளில் பலர் அமெரிக்கக் காற்பந்தைத் திடலில் பார்த்தே இருக்கமாட்டார்கள்; அது ஒரு தடையாக இல்லை. எதிரணி பந்து வைத்திருக்கும் நேரத்தைக் கணினியே ஓட்டிவிடுவதால் ஓர் ஆட்டம் சில நிமிடங்களில் முடியும். ஒரு பாடவேளைக்குள் இரண்டு ஆட்டம்கூட ஆடிவிடலாம். நமக்குப் பழக்கமான காற்பந்தில் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் 'ரெட்ரோ கோல்' இருக்கிறது.

பள்ளிச் சாதனத்தில் இது எப்படி நுழைகிறது? இணைய உலாவியிலேயே ஓடக்கூடிய சிறிய விளையாட்டு என்பதால் எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. வடிகட்டும் மென்பொருள் பெரும்பாலும் இணைய முகவரியைப் பார்த்துத்தான் தடுக்கிறது. ஒரு முகவரியை அடைத்தால், அதே விளையாட்டின் நகல் வேறு முகவரியில் முளைக்கிறது. மாணவர்களுக்குள் அந்த முகவரி பரவ ஓர் இடைவேளை போதும்.

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் சொந்தக் கற்றல் சாதனம் இருக்க வேண்டும் என்ற திட்டம் 2021 இறுதிக்குள் நடப்புக்கு வந்தது. 2026 ஜனவரி முதல் பள்ளி நேரம் முழுவதும், இடைவேளையிலும்கூட, திறன்பேசிக்கு அனுமதி இல்லை. எஞ்சியிருக்கும் ஒரே திரை பாடத்துக்கான மடிக்கணினிதான்.

அதைக் கண்காணிக்கும் மென்பொருளும் முழு அரண் அன்று. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி 'மொபைல் கார்டியன்' செயலி உலகளவில் ஊடுருவப்பட்டபோது, இங்கு 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்களின் சாதனங்களில் இருந்தவை தொலைவிலிருந்தே அழிக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. விளையாட்டைத் தடுக்க வந்த பூட்டு, பாடக் குறிப்புகளையும் கொண்டுபோனது.

வகுப்பறையில் ஆசிரியர் மாணவர்களின் திரைகளைத் தம் கணினியில் பார்க்கலாம், தேவைப்பட்டால் முடக்கலாம். பள்ளி முடிந்து பூன் லே வீட்டுக்கு வந்த பிறகு முடிவு பெற்றோர் கையில். பள்ளியின் கட்டுப்பாடு வீட்டிலும் அப்படியே தொடரலாம். பெற்றோரே அதை மாற்றியமைக்கலாம். அல்லது பள்ளி நேரத்துக்குப் பின் முழுமையாக அகற்றிவிடலாம். உயர்நிலை ஒன்றில் சேரும்போது வரும் படிவத்தில் இது இருக்கும். இரவு வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், மகன் காட்டிய இடத்தில் டிக் போட்டுவிட்ட பெற்றோர் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்று பள்ளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை மாற்றவும் கேட்கலாம்.