எடிட்டிங் மேசையில் ஒரு சாட்சிக் கூண்டு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2007-ல் நடந்த கொலை வழக்கு விசாரணை அது. சாட்சிக் கூண்டில் நின்றவர் ஆண்ட்ரூ கோல்பர்ன் என்ற போலீஸ் அதிகாரி. கொலையான பெண்ணின் கார் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, அதன் நம்பரைச் சொல்லிக் கட்டுப்பாட்டு அறையில் அவர் போனில் விசாரித்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, 'காரின் பின்பக்கம் நின்று நம்பரைப் பார்த்தபடியே நீங்கள் பேசுவதாகக் கேட்பவர்களுக்குத் தோன்றலாம், இல்லையா?' என்கிற பொருளில் கேட்டார். அரசு வக்கீல் ஆட்சேபிக்க, நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. வக்கீல் கேள்வியை மாற்றினார்: வழக்கமாக நீங்கள் செய்யும் நூற்றுக்கணக்கான நம்பர் விசாரிப்புகளைப் போலத்தானே இதுவும் இருக்கிறது? இதற்குத்தான் கோல்பர்ன் 'ஆமாம்' என்றார்.

எட்டு ஆண்டுகள் கழித்து அதே காட்சி நெட்ஃப்ளிக்ஸில் வந்தது. ஆட்சேபணை இல்லை, இரண்டாவது கேள்வியும் இல்லை. முதல் கேள்வி, அதன் வாலில் அந்த 'ஆமாம்'.

'மேக்கிங் எ மர்டரர்' என்ற அந்தப் பத்துப் பகுதித் தொடர் 2015 டிசம்பரில் வெளியானது. கதையின் நாயகர் ஸ்டீவன் ஏவரி. செய்யாத பாலியல் குற்றத்துக்காக 18 ஆண்டுகள் சிறையில் கிடந்து, டி.என்.ஏ. சோதனையால் 2003-ல் வெளியே வந்தவர். 3.6 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு மாவட்ட நிர்வாகத்தின் மீது வழக்குப் போட்டார். அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 2005-ல், ஒரு இளம்பெண்ணைக் கொன்றதாகக் கைதானார்; கோல்பர்ன் சாட்சி சொன்னது அந்த வழக்கில்தான். எந்தத் திரைக்கதை ஆசிரியர் இதைக் கற்பனையாக எழுதியிருந்தாலும் நம்பும்படியாக இல்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். போலீஸே ஆதாரங்களை வைத்து அவரைச் சிக்கவைத்ததா என்பதுதான் தொடர் எழுப்பிய கேள்வி. பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். ஏவரிக்குப் பொதுமன்னிப்பு வழங்கக் கோரி வெள்ளை மாளிகைக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் போயின. மாநிலச் சட்டப்படி தண்டிக்கப்பட்டவரை ஜனாதிபதி மன்னிக்க முடியாது என்று அங்கிருந்து பதில் வந்தது.

கோல்பர்ன் 2018-ல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். ஃபெடரல் நீதிமன்றம் 2023-ல் அதைத் தள்ளுபடி செய்தது. வெட்டி ஒட்டியது சாட்சியத்தின் சாரத்தை மாற்றிவிடவில்லை, பொதுப் பதவியில் இருப்பவர் மானநஷ்டம் கேட்க வேண்டுமானால் பொய் என்று தெரிந்தே, அல்லது பொய்யா என்று பொருட்படுத்தாமல் செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்பது தீர்ப்பின் போக்கு. சட்டப்படி சரியாக இருக்கலாம். ஆனால் கோடிக்கணக்கானவர்கள் கேட்ட அந்த 'ஆமாம்', அந்தக் கேள்விக்கு வந்த பதில் அல்ல என்பதை எந்தத் தீர்ப்பாலும் மாற்ற முடியாது.

விடுபட்டவையும் உண்டு. இறந்த பெண்ணின் கார் பானட்டைத் திறக்கும் கொக்கியில் ஏவரியின் டி.என்.ஏ. கிடைத்ததாக அரசுத் தரப்பு விசாரணையில் சொன்னது. தொடரில் அது இல்லை. வாரக்கணக்கில் நடந்த விசாரணையைப் பத்து மணி நேரத்துக்குள் சுருக்கும்போது எல்லாம் இடம்பெறாது என்றார்கள் இயக்குநர்களான லாரா ரிச்சியார்டியும் மொய்ரா டீமோஸும். நியாயமான வாதம்தான். எது இடம்பெறாது என்று முடிவு செய்த இடத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதுதான் சிக்கல்.

அதே தொடர் தன் உச்சத்தைத் தொடும் இடமும் ஒன்று இருக்கிறது. ஏவரியின் 16 வயது மருமகன் பிரெண்டன் டேசியைப் போலீஸ் விசாரிக்கும் வீடியோ அது. பக்கத்தில் வக்கீல் இல்லை, பெற்றோர் இல்லை. விசாரிப்பவர்கள் விரும்பும் விடை வரும்வரை அந்தப் பையன் ஊகித்துக்கொண்டே போகிறான். இதற்குப் பின்னணி இசையும் தேவையில்லை, விளக்கமும் தேவையில்லை. 2016-ல் ஒரு ஃபெடரல் நீதிபதி, அவனைத் தண்டிக்க உதவிய அந்த வாக்குமூலம் செல்லாது என்றார். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தண்டனையை உறுதி செய்தது. நீதிபதிகளே ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்து நின்ற விஷயம் அது.

ஆவணப்படத்தின் பலமும் பலவீனமும் இந்த ஒரே தொடரில் அருகருகே கிடக்கின்றன. ஒரு விசாரணை எப்படி நடந்தது என்று காட்ட இதைவிடக் கூர்மையான கருவி கிடையாது. கொன்றது யார் என்று சுட்டிக்காட்ட விரலை நீட்டும்போதுதான் பெரும்பாலும் சறுக்குகிறது.

சறுக்காத படமும் உண்டு. இந்த வகைக்கே முன்னோடி என்று சொல்லத்தக்க 'தின் புளூ லைன்' அது, வெளியானது 1988-ல். டல்லாஸ் நகரில் 1976 நவம்பரில் ஒரு போலீஸ்காரர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக ராண்டல் டேல் ஆடம்ஸ் என்பவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை நிறைவேற்றப்படச் சில நாட்களே இருந்தபோது உச்ச நீதிமன்றத்தால் தப்பியவர், ஆயுள் கைதியாக உள்ளே இருந்தார். இயக்குநர் எரால் மாரிஸ் டெக்சாஸுக்குப் போனது இவருக்காக அல்ல. மரண தண்டனை வழக்குகளில் 'இவன் மறுபடியும் கொல்வான்' என்று தொடர்ந்து சாட்சி சொல்லிவந்த ஒரு மனநல மருத்துவரைப் படமெடுக்கப் போனவர், கைதிகளைச் சந்தித்தபோது ஆடம்ஸிடம் வந்து நின்றார்.

அந்தக் கொலையை மாரிஸ் நடிகர்களை வைத்துத் திரும்பத் திரும்ப நடித்துக் காட்டுகிறார். இருட்டுச் சாலை, காரின் சிவப்பு விளக்கு, காற்றில் மெதுவாகப் பறந்து விழும் மில்க் ஷேக் கோப்பை. இன்று எல்லாக் குற்றத் தொடர்களிலும் வரும் மறுநடிப்புக் காட்சிகளுக்கு இதுதான் மூலம். ஆனால் பின்னால் வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறினார்கள். மாரிஸ் நடித்துக் காட்டியவை எல்லாம் சாட்சிகள் சொன்ன, ஒன்றுக்கொன்று முரண்பட்ட கதைகள். 'உண்மையில் நடந்தது இதுதான்' என்று அவர் எதையும் நடிக்கவைக்கவில்லை. ஒவ்வொரு தடவை பார்க்கும்போதும் காரில் இருந்தவர்கள் மாறுகிறார்கள், சாட்சி நின்ற இடம் மாறுகிறது, நம் நம்பிக்கை கரைகிறது. இப்போதைய தொடர்களில் மறுநடிப்பு என்றால் நேர் எதிரான வேலை. ஒரு கதையை மனதில் ஆணியடித்து இறக்குவது.

முக்கிய சாட்சியான டேவிட் ஹாரிஸுடனான கடைசிப் பேட்டியின்போது கேமரா பழுதாகிவிட்டது. கையில் இருந்த டேப் ரெக்கார்டரில் மாரிஸ் பதிவு செய்தார். ஆடம்ஸ் நிரபராதி என்று ஹாரிஸ் சொல்வது அந்த ஒலிநாடாவில்தான். திரையில் தெரிவது சுழலும் ரெக்கார்டர் மட்டும். 1989-ல் ஆடம்ஸ் விடுதலையானார். வேறொரு கொலைக்காக ஹாரிஸுக்கு 2004-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. வெளியே வந்த ஆடம்ஸ், தன் வாழ்க்கைக் கதையின் உரிமை யாருக்கு என்று மாரிஸ் மீதே வழக்குப் போட்டார் என்பது கூடுதல் செய்தி. அது சமரசத்தில் முடிந்தது.

விரல் நீட்டுவதன் விலை என்ன என்று தெரிந்துகொள்ள, ஆர்கன்சா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் வெஸ்ட் மெம்ஃபிஸ் என்ற சிறிய ஊருக்குப் போக வேண்டும். 1993 மே 5 அன்று அங்கே எட்டு வயதுச் சிறுவர்கள் மூவர் காணாமல் போனார்கள். ஷூ லேஸால் கட்டப்பட்ட நிலையில் மறுநாள் ஓடையில் உடல்கள் கிடைத்தன. ஊரே நடுங்கியது. ஒரு மாதத்தில் டேமியன் எக்கோல்ஸ், ஜேசன் பால்ட்வின், ஜெஸ்ஸி மிஸ்கெல்லி என்ற மூன்று பதின்வயதினர் கைதானார்கள். கறுப்புச் சட்டை போடுவதும் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் பாட்டுக் கேட்பதும் எக்கோல்ஸின் வழக்கம். சாத்தானை வழிபடும் கூட்டம் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அறிவுத்திறன் குறைந்த மிஸ்கெல்லி பல மணி நேர விசாரணைக்குப் பின் கொடுத்த வாக்குமூலத்தில், சிறுவர்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில் கொலை நடந்ததாகச் சொல்லியிருந்தார். பரவாயில்லை என்று எடுத்துக்கொண்டார்கள். எக்கோல்ஸுக்கு மரண தண்டனை, மற்ற இருவருக்கும் ஆயுள்.

ஜோ பெர்லிங்கரும் புரூஸ் சினோஃப்ஸ்கியும் எச்.பி.ஓ. தொலைக்காட்சிக்காக அங்கே போனபோது, கொலைகாரப் பையன்களைப் பற்றிப் படமெடுக்கப் போவதாகத்தான் நினைத்திருந்தார்கள். கிடைத்த கதை வேறு. 1996-ல் வந்த 'பாரடைஸ் லாஸ்ட்' நீதிமன்றத்துக்குள் கேமராவை வைத்து, ஆதாரம் இல்லாத இடத்தில் அச்சம் எப்படி உட்கார்ந்துகொள்கிறது என்று காட்டியது. தன் பாடல்களைப் படங்களுக்குக் கொடுக்காத மெட்டாலிகா இதற்குக் கொடுத்தது. நாடெங்கும் ஆதரவாளர்கள் திரண்டார்கள், வக்கீல்களும் நிபுணர்களும் வந்தார்கள்.

2000-ல் இரண்டாம் பாகம் வந்தது. இந்த முறை படத்துக்கு ஒரு வில்லன் தேவைப்பட்டது போலும்.

இறந்த சிறுவர்களில் ஒருவனின் வளர்ப்புத் தந்தை ஜான் மார்க் பையர்ஸ். ஆறடிக்கும் மேற்பட்ட உயரம், பைபிள் வசனமும் சாபமும் கலந்த பேச்சு. கேமரா ஓடினால் போதும், குற்றவாளிகளுக்கு மாதிரிக் கல்லறை அமைத்துத் தீ வைப்பார். முதல் படத்தின்போதே படக்குழுவினருக்கு அவர் பரிசளித்த கத்தியில் ரத்தக் கறை இருந்தது. குழு அதைப் போலீஸிடம் சேர்ப்பித்தது. சோதனையில் முடிவாக எதுவும் தெரியவில்லை. இரண்டாம் படத்தில் உடலில் கடித்த தடம் இருந்ததாக ஒரு நிபுணர் சொல்கிறார். பையர்ஸ் பற்களை எடுத்துவிட்டுப் பொய்ப்பல் வைத்திருப்பது அடுத்துப் பேசப்படுகிறது. உண்மை கண்டறியும் கருவிச் சோதனைக்கு அவர் சம்மதித்துத் தேறியதையும் படம் காட்டத்தான் செய்கிறது. ஆனால் அதற்குள் பார்ப்பவர் மனதில் அவர் கொலைகாரர் ஆகியிருப்பார். துக்கத்தில் நிலைகுலைந்த, நாடகத்தன்மை கொண்ட ஒரு மனிதர் என்பதற்கு மேல் அவர் மீது எந்த ஆதாரமும் இல்லை. கறுப்புச் சட்டை போட்டவன் சாத்தான் கூட்டம் என்று ஊர் சொன்னதற்கும், கூச்சலிடுபவர் கொலைகாரர் என்று படம் சொல்லாமல் சொன்னதற்கும் அதிக தூரம் இல்லை.

2007-ல் புதிய டி.என்.ஏ. சோதனை முடிவுகள் வந்தன. சிறையில் இருந்த மூவரின் தடயம் எதுவும் கிடைக்கவில்லை. உடல்களில் இருந்த காயங்களில் பல, இறந்த பிறகு நீர்வாழ் விலங்குகள் ஏற்படுத்தியவை என்று எதிர்த்தரப்பு நிபுணர்கள் சொன்னார்கள். பல் தடக் கதை அதோடு உதிர்ந்தது. இதையெல்லாம் பார்த்துப் பையர்ஸ் மனம் மாறினார். யாருக்குச் சாபம் கொடுத்தாரோ அவர்களுக்காகவே பேசத் தொடங்கினார். 2011 ஆகஸ்ட் 19 அன்று, 18 ஆண்டு சிறைவாசத்துக்குப் பின் மூவரும் வெளியே வந்தார்கள். ஆனால் விசித்திரமான ஒப்பந்தத்தில். 'நாங்கள் நிரபராதிகள், ஆனாலும் எங்களைத் தண்டிக்கப் போதிய ஆதாரம் அரசிடம் இருப்பதாக ஒப்புக்கொள்கிறோம்' என்று சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவில் இதற்கு ஆல்ஃபர்ட் முறை என்று பெயர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்னும் குற்றவாளிகள்தான். அன்று நீதிமன்ற வாசலில் நின்று இந்த ஒப்பந்தத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் பையர்ஸும் ஒருவர். நிரபராதிகள் என்றால் முழுமையாக விடுவிக்க வேண்டும் என்றார்.

இதற்குப் பிறகாவது விரல் மடங்கியதா? மூன்றாம் பாகமும், பீட்டர் ஜாக்சன் தயாரித்த 'வெஸ்ட் ஆஃப் மெம்ஃபிஸ்' படமும் இன்னொரு சிறுவனின் வளர்ப்புத் தந்தை பக்கம் திரும்பின. லேஸ் முடிச்சில் கிடைத்த ஒரு முடி அவருடையதாக இருக்கலாம் என்பது ஆதாரம். அவர் மறுக்கிறார். இதுவரை அவர் மீது எந்த வழக்கும் இல்லை. லேஸ்களைப் புதிய முறையில் சோதிக்கக் கேட்கும் உரிமை எக்கோல்ஸுக்கு உண்டு என்று ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் 2024-ல்தான் சொன்னது.

கோடீஸ்வரர் ராபர்ட் டர்ஸ்ட் பற்றிய 'ஜிங்க்ஸ்' தொடரை இங்கே சிலர் எதிர்வாதமாக வைப்பார்கள். 2015-ல் எச்.பி.ஓ.வில் அதன் கடைசிப் பகுதி ஒளிபரப்பாவதற்கு முந்தைய நாள் அவர் கைதானார். 2021-ல் தோழியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டார். சட்டையில் மாட்டிய மைக் ஓடுவதை மறந்து கழிப்பறையில் தனக்குத்தானே 'நான் என்னதான் செய்துவிட்டேன்? எல்லாரையும் கொன்றேன், வேறென்ன' என்று அவர் முணுமுணுப்பதோடு தொடர் முடிகிறது. உலகமே அதிர்ந்த முடிவு. பின்னர் நீதிமன்றத்தில் தாக்கலான முழுப் பதிவில் வரிசை வேறாக இருந்தது. 'கொன்றேன்' முதலில் வருகிறது, இடையில் தொடர்பில்லாத பல வாக்கியங்கள், கேள்வி கடைசியில். ஆள் சரியாகவே இருக்கட்டும், கேள்வி-பதில் எடிட்டிங் மேசையில்தான் பிறந்தது. டர்ஸ்ட் கைப்பட முகவரி எழுதிய கடிதம் என்ற வலுவான ஆதாரத்தைப் படக்குழு கண்டெடுத்திருந்த நிலையில், இந்த ஜோடனைக்கு அவசியமே இல்லை.

'ஸ்டேர்கேஸ்' தொடரின் கதை இன்னும் வேடிக்கையானது. மனைவியைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட எழுத்தாளர் மைக்கேல் பீட்டர்சனுக்கும் அந்தத் தொடரின் படத்தொகுப்பாளருக்கும் பல ஆண்டுகள் காதல் இருந்தது. அது தன் வேலையைப் பாதிக்கவில்லை என்கிறார் அந்தப் படத்தொகுப்பாளர்.

இந்தியாவில் ஜூரி கிடையாது. எனவே தொடரைப் பார்த்து மனம் மாறிய பன்னிரண்டு பேர் தீர்ப்புச் சொல்வார்கள் என்ற பயம் இங்கே பொருந்தாது. ஆனால் விசாரணை முடிவதற்குள் படம் வந்துவிடுவது இங்கே உண்டு. ஷீனா போரா கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட இந்திராணி முகர்ஜியா பற்றிய நெட்ஃப்ளிக்ஸ் தொடர் 2024 பிப்ரவரியில் வெளியாக இருந்தபோது, சிபிஐ தடை கேட்டுப் பம்பாய் உயர் நீதிமன்றம் போனது. நீதிபதிகள் தொடரை முன்கூட்டியே போட்டுப் பார்த்தார்கள். வழக்குக்குப் பாதகமாக எதுவும் இல்லை என்று மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். பிப்ரவரி 29 அன்று தொடர் வெளியானது.

தொடரில் பேசுகிறவர்களில் அரசுத் தரப்புச் சாட்சிகளும் இருந்தார்கள் என்பது சிபிஐயின் கவலைகளில் ஒன்று. அது லேசான கவலை அல்ல. நீதிபதி பயிற்சி பெற்றவர், தொடரை ஒதுக்கிவைத்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவார் என்று வைத்துக்கொள்ளலாம். சாட்சிக்கு அந்தப் பயிற்சி இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் பார்த்ததைக் கூண்டில் ஏறி நினைவுகூர வேண்டியவர், கேமரா முன்னால் அதையே பலமுறை சொல்லி, இசை சேர்த்துத் திரையிலும் பார்த்துவிட்டு வந்தால், குறுக்கு விசாரணையில் அவர் வாயிலிருந்து வருவது எந்த ஞாபகம் என்று அவராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய வக்கீலும் தொடரைப் பார்த்திருப்பார்.