ரூ.5.44 லட்சம் ரூ.13,610 ஆனது எப்படி? மீதிப் பணத்தை யார் கொடுக்கிறார்கள்? சிதம்பரம் மருத்துவக் கல்லூரியின் கணக்கு

மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு விவசாயம் பார்க்கும் ஒரு குடும்பத்தில் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். சீட் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லூரி வெளியூரில்கூட இல்லை, இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரம் அண்ணாமலை நகரில். 2020 வரை அந்தச் சீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ.5.44 லட்சம். நாலு வருஷம் கட்டினாலே ரூ.21 லட்சத்தைத் தாண்டிவிடும். இப்போது கட்டணம் அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு உரியதுதான். 2021-ல் அது ரூ.13,610 என நிர்ணயிக்கப்பட்டது.

கட்டணம் குறைந்தது சரி. ஆனால் ஒரு டாக்டரை உருவாக்க ஆகும் செலவு குறைந்துவிட்டதா? இல்லை. அந்தச் செலவு வேறொருவர் கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அரசுக் கல்லூரியா, தனியாரா?

ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 1985-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் சிக்க, 2013-ல் தனிச் சட்டம் கொண்டுவந்து தமிழக அரசு அதைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்தது. ஆனால் மருத்துவக் கல்லூரி சுகாதாரத்துறைக்குப் போகவில்லை. உயர்கல்வித் துறையின் கீழ், சுயநிதிக் கட்டணத்துடனே நடந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்போது தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கே சுமார் ரூ.4 லட்சம்தான். அரசு நடத்தும் கல்லூரியில் அதைவிட அதிகம்! "அரசு எடுத்துக்கொண்ட பிறகும் ஏன் இந்தக் கட்டணம்?" என்றுதான் மாணவர்கள் கேட்டார்கள். 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 50 நாட்களைத் தாண்டியது.

2021 ஜனவரி கடைசியில் கல்லூரியைச் சுகாதாரத்துறைக்கு மாற்றி அரசாணை வந்தது. அதில் கட்டணம் பற்றித் தெளிவில்லை என்று மாணவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தனர். பிப்ரவரியில் அரசுக் கட்டணம் அறிவிக்கப்பட்டது. பல் மருத்துவம், செவிலியர் கல்லூரிகளும் சேர்ந்தே மாறின. கடலூர் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி என்ற ஒன்று கிடைத்தது இப்படித்தான்.

மீதிப் பணம் எங்கிருந்து வருகிறது?

கல்லூரியில் ஆண்டுக்கு 150 எம்.பி.பி.எஸ். இடங்கள். பழைய கட்டணத்துக்கும் புதிய கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு பேட்சுக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் ரூ.8 கோடி. பேராசிரியர் சம்பளம், ஆய்வகம், மருந்து, மின்சாரம் எதுவும் நிற்கவில்லை. இந்தத் தொகை இப்போது அரசு கருவூலத்திலிருந்து, அதாவது எல்லோரும் கட்டும் வரியிலிருந்து வர வேண்டும்.

புதிதாகக் கல்லூரி கட்டுவதும் மலிவல்ல. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. செலவு சுமார் ரூ.4,000 கோடி. அதில் மத்திய அரசின் பங்கு சுமார் ரூ.2,145 கோடி, மீதி மாநிலத்தினுடையது. பக்கத்துக் கள்ளக்குறிச்சியும் அரியலூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. கடலூர் இல்லை. இருக்கிற கல்லூரியை எடுத்துக்கொண்டதால் இங்கே கட்டடச் செலவு மிச்சம் என்றும் சொல்லலாம்.

வேறு வழிகளும் இருக்கின்றன. வேலூர் சி.எம்.சி.யில் படிப்புக் கட்டணம் மிகக் குறைவு. மருத்துவமனை வருமானம்தான் பெரும்பாலும் அதைத் தாங்குகிறது. திருச்சபைகளின் பரிந்துரையில் சேரும் மாணவர்கள் படித்து முடித்ததும் மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்க்க வேண்டும். 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் தனியார் கல்லூரியில் சேரும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கோ முழுக் கட்டணத்தையும் தமிழக அரசே கட்டுகிறது.

பணம் கொடுப்பவர் என்ன கேட்கலாம்?

விஷயத்தின் முக்கியமான இடம் இதுதான். வீட்டை அடகு வைத்துப் படித்த டாக்டரிடம் "கிராமத்துக்குப் போ" என்று சொல்ல யாருக்கும் பெரிய உரிமை இல்லை. கடனை அடைக்க எங்கே சம்பளம் அதிகமோ அங்கேதான் அவர் போவார். மக்கள் பணத்தில் படித்தவரிடம் கேட்கலாம்.

அரசுக் கல்லூரியில் பட்ட மேற்படிப்பு படிப்பவர்கள் குறிப்பிட்ட காலம் அரசு மருத்துவமனையில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதித் தர வேண்டியிருப்பது அதனால்தான். மீறினால் லட்சக்கணக்கில் கட்டணும். பணம் உள்ளவர் அதைக் கட்டிவிட்டுப் போய்விடலாம் என்பது இந்த ஏற்பாட்டின் ஓட்டை.

இது கடலூர் கவலை மட்டுமல்ல. 2030-ல் உலகில் சுமார் 1.1 கோடி சுகாதாரப் பணியாளர்கள் பற்றாக்குறை இருக்கும், அதிலும் பெரும்பகுதி ஏழை நாடுகளில் என்று உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. ஏழை நாடு செலவழித்துப் பயிற்சி கொடுத்த நர்ஸைப் பணக்கார நாடு ஒரு பைசா செலவில்லாமல் எடுத்துக்கொள்கிறது. 2010-ல் இதற்கு ஒரு நெறிமுறை வந்தது, ஆனால் அதைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை.

கட்டாயத்தைவிட ஆசை காட்டுவது பலன் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. அரசுப் பணியில் இருக்கும் டாக்டர்களுக்குப் பட்ட மேற்படிப்பில் 50 சதவீதம் வரை இடம் ஒதுக்கும் முறை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தால் எம்.டி. சீட்டுக்கு வழி கிடைக்கும் என்பதால் இளம் டாக்டர்கள் கிராமத்துக்கு வந்தார்கள். அகில இந்திய விதிகளால் இந்த முறைக்குச் சிக்கல் வந்தபோது அரசு டாக்டர்கள் நீதிமன்றம் போனார்கள். மாநிலங்கள் இப்படி ஒதுக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்ட் 31-ல் தீர்ப்பளித்தது.