முத்திரை இருக்கு... சரிபார்க்க ஆள் இல்லை! ஒரு வசதியை பைப்பிஐ நிறுத்தியது ஏன்?

கடலூரில் வேலை பார்ப்பவரோ, சிதம்பரத்தில் படிப்பவரோ, பைத்தானில் 'பிப் இன்ஸ்டால்' அடித்தால் பேக்கேஜ் வருவது பெரும்பாலும் பைப்பிஐ தளத்திலிருந்துதான். தமிழ்க் கணிமைக்கான 'ஓப்பன் தமிழ்' இருப்பதும் அங்கேதான்.

பேக்கேஜுடன் பிஜிபி டிஜிட்டல் கையெழுத்தையும் ஏற்றும் வசதி அங்கே பல வருஷமாக இருந்தது. 2023 மே மாதம் அதை நிறுத்திட்டாங்க.

ஏன் நிறுத்தினாங்க?

முந்தைய 3 ஆண்டுகளில் ஏறிய கையெழுத்துகள் சுமார் 50,000. அவற்றைப் போட்ட சாவிகள் 1,069. அந்தச் சாவிகளில் உருப்படியாகச் சரிபார்க்க முடிந்தவை 36% மட்டுமே. 50,000 கையெழுத்துமே சரியானவை என்று வைத்துக்கொண்டாலும், அந்தக் காலத்தில் ஏறிய ஃபைல்களில் அது 0.3%தான். பிப் கருவியோ கையெழுத்தைப் பார்ப்பதே இல்லை.

கொஞ்சம் பேருக்காக விட்டுவைக்கலாமே?

அங்கேதான் சிக்கல். யாரும் சரிபார்க்காத முத்திரை, 'இது சேஃப்' என்ற பொய்யான தைரியத்தைத் தரும். பராமரிக்கும் வேலையும் மிச்சமாகாது.

இப்போ என்ன இருக்கு?

2024 நவம்பரில் 'அட்டெஸ்டேஷன்' முறை வந்தது. ஃபைல் எந்த ரெப்போவிலிருந்து வந்தது என்பதற்கு அது சான்று. டெவலப்பர் தனியாகச் சாவி வைத்துக் காக்க வேண்டியதில்லை. ஆனால் அதையும் யாராவது சரிபார்த்தால்தான் பலன்!