மெல்லிய மரப்பட்டை ஏன் துள்ளுகிறது?

கண்ணாடி அலமாரியின் கதவைச் சற்று உற்று நோக்குங்கள். கண்ணாடியைச் சுற்றி, ஓரம் வளைவாகச் செதுக்கப்பட்ட மெல்லிய மரப்பட்டை ஒன்று ஓடுவதைக் காண்பீர்கள். தச்சர்கள் இதைப் 'பீடிங்' என்பார்கள். ரூட்டர் என்னும் மின்பொறியைக் கொண்டு இதைச் செதுக்கலாம். பொறியை மேசையின் அடியில் தலைகீழாகப் பொருத்துவார்கள். வெட்டும் அலகு மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். நேரான தடுப்புச் சட்டத்தை ஒட்டி மரத்தைத் தள்ளினால் ஓரம் செதுக்கப்பட்டு வெளிவரும்.

கனமான பலகையை வழவழப்பாக வெட்டும் அதே அலகு, 3 மி.மீ. பட்டையை அலையலையாக வெட்டுகிறது, சிராய்களைப் பிய்க்கிறது, சில வேளைகளில் பட்டையையே ஒடித்து எறிகிறது. அலகு மழுங்கியிருக்கலாம். புதிய அலகை மாட்டிய பின்னும் தொல்லை தீரவில்லையென்றால்? காரணம் பட்டையின் கனத்தில் இருக்கிறது.

உங்கள் பிளாஸ்டிக் அளவுகோலைத் தட்டையாகப் பிடித்து வளையுங்கள், எளிதில் வளையும். விளிம்பு மேலாக இருக்கும்படி பிடித்து வளைக்க முயலுங்கள், அசையாது! ஒரு சட்டத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 12 மி.மீ. பலகையைவிட 3 மி.மீ. பட்டை நான்கு மடங்கு மெல்லியது. ஆனால் அதே விசைக்கு 4 × 4 × 4, அதாவது 64 மடங்கு வளையும்.

இனி அலகைக் கவனிப்போம். இரண்டு வெட்டு விளிம்புகள் உள்ள அலகு நிமிடத்திற்கு 20,000 முறை சுழன்றால், மரத்தின்மேல் நொடிக்கு ஏறத்தாழ 667 அடிகள் விழும். ஒவ்வோர் அடிக்கும் பட்டை விலகி, மீண்டும் துள்ளி வருகிறது. விலகும்போது வெட்டு ஆழம் குறைகிறது, திரும்பும்போது கூடுகிறது. அதுவே அலைத் தடம்.

நோய் தெரிந்தால் மருந்தும் தெரியும். வளைவு, தாங்கும் இரு இடங்களுக்கு இடையிலான தூரத்தின் மும்மடியையும் பொறுத்தது. எனவே அலகின் இருபுறமும் சீப்புப் போல் பல் வெட்டிய பலகைகளால் பட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். இடைத்தூரத்தைப் பாதியாக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகும். ஒரே முறையில் ஆழமாக வெட்டாமல், சிறிது சிறிதாகப் பல முறை வெட்டினால் விசையும் சிராயும் குறையும்.

தள்ளும் திசையும் முக்கியம். அலகின் விளிம்பு வரும் திசைக்கு எதிராகவே மரத்தைத் தள்ள வேண்டும். அதே திசையில் தள்ளினால் அலகு பட்டையைப் பற்றி இழுக்கும். நிறை குறைந்த பொருள் அதிக முடுக்கம் பெறும் என்பது நியூட்டனின் இரண்டாம் விதி அல்லவா? பட்டை அம்புபோல் பறக்கும். விரலும் அலகை நோக்கி இழுபடலாம். ஆகவே, தேர்ந்தவர் அருகில் இல்லாமல் இப்பொறியை நீங்கள் தொடவே கூடாது.

எல்லாவற்றினும் சிறந்த வழி ஒன்று உண்டு. மெல்லிய பட்டையைச் செதுக்காதீர்கள்! அகலமான பலகையின் ஓரத்தை முதலில் செதுக்கிவிட்டு, பிறகு அந்த ஓரத்தை 3 மி.மீ. பட்டையாக அறுத்தெடுங்கள். வெட்டும் நேரத்தில் பலகை முழுவதும் அதற்குத் துணை நிற்கும். விரலும் அலகிலிருந்து விலகியிருக்கும்.

ஒரு கணக்கு: அளவுகோலின் அகலம் 30 மி.மீ., கனம் 2 மி.மீ. நிமிர்த்திப் பிடிக்கும்போது அதன் விறைப்பு எத்தனை மடங்கு கூடும்? 225 என்று விடை வருகிறதா, பாருங்கள்!